மாணவராக இருக்கும்போதே ஆர்பரிஸ்ட் தேர்வுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான்காண்டு தோட்டக்கலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறேன். என் மாமா மரம் கவாத்து செய்யும் ஒப்பந்தத் தொழில் நடத்துகிறார். ஐ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டு மரவளர்ப்பு அமைப்பு தரும் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) சான்றிதழை உடனே வாங்கிவிடு என்கிறார்; டெண்டரில் காட்டினால் பெரிய வேலைகள் வருமாம். ஒரு பயிற்சி நிறுவனம் 'உறுதித் தேர்ச்சி' பேக்கேஜை 24 மாதத் தவணையில் தருகிறது. தேர்வுக் கட்டணத்தை 100 என்று வைத்தால் பேக்கேஜ் 600. ஆண்டுக்கு 16 சதவீத வட்டியோடு மாதம் 33 கட்ட வேண்டும். பாடங்கள் 12 மாதம் திறந்திருக்கும். அதே அளவில் சொன்னால், பகுதிநேர வேலையில் எனக்கு மாதம் 140 வருகிறது. ட்ரோன் சர்வே படிப்புக்கு 25, வரைபட மென்பொருள் படிப்புக்கு 20 என ஏற்கெனவே தவணைகள் ஓடுகின்றன. இரண்டையும் நான் முடிக்கவில்லை. மாமாவிடம் முடியாது என்று சொல்லத் தயக்கம். தேர்வு எழுதட்டுமா?

பதில்: எழுதுங்கள், ஆனால் இப்போது இல்லை. இப்போது எழுத நினைத்தாலும் பெரும்பாலும் விட மாட்டார்கள். இந்தச் சான்றிதழ் தேர்வுக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டு முழுநேரக் களப்பணி வேண்டும் என்பது பொது விதி. தோட்டக்கலை, வனவியல் போன்ற துறையில் இளநிலைப் பட்டம் இருந்தால் ஓராண்டு அனுபவம் போதும். உங்களுக்குப் பட்டம் வர இன்னும் இரண்டு ஆண்டு, அதன்மேல் அனுபவம் ஓராண்டு. ஆக மூன்று ஆண்டு.

இப்போது பேக்கேஜைப் பாருங்கள். பாடங்கள் 12-ஆம் மாதத்தில் மூடிவிடும். தவணை 24-ஆம் மாதத்தில் முடியும். தேர்வு எழுதும் தகுதி 36-ஆம் மாதத்தில்தான் வரும். அதாவது நீங்கள் தேர்வு அறையில் உட்காரும்போது, படித்த பாடம் மூடி இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். இதை விற்றவர் உங்களிடம் தகுதி பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் விற்றிருக்க முடியாது.

வட்டியையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 33-ஐ 24-ஆல் பெருக்கினால் 792. வாங்கியது 600, வட்டி 192. ஆண்டுக்கு 16 சதவீதம் என்று அவர்கள் சொல்வது முழு 600-க்கும் இரண்டு ஆண்டும் போடும் கணக்கு. நீங்களோ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். குறையும் பாக்கியில் கணக்கிட்டால் அது 28 சதவீதத்தை ஒட்டி வரும். அப்புறம் அந்த 'உறுதித் தேர்ச்சி'. தேர்வில் 200 கேள்விகள், தேர்ச்சிக்கு 76 சதவீதம், அதாவது 152 சரியாக வர வேண்டும். மண், மர உயிரியல், கவாத்து, நோய் கண்டறிதல், ஆபத்து மதிப்பீடு, பாதுகாப்பான வேலைமுறை என்று பல பகுதிகள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு எங்கே அறுப்பது என்பது கையில் ரம்பம் பிடித்தவனுக்குச் சட்டென்று புரியும். வீடியோவில் பத்து முறை பார்த்தவன் தடுமாறுவான். தேர்ச்சியை யாரும் உறுதியாகத் தர முடியாது. தோற்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது பாடத்தை இன்னொரு முறை பார்க்க விடுவார்களா என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள்.

ஆனால் என்னை உறுத்துவது இந்தத் தேர்வு அல்ல. தவணை என்றதும் எதையும் வாங்கிவிடும் உங்கள் பழக்கம்தான். ட்ரோன் 25, மென்பொருள் 20: மாதம் 45, வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. இத்துடன் 33 சேர்ந்தால் 78, பாதிக்கு மேல். அதுவும் முடிக்காத படிப்புகளுக்கு. 'இப்போது வாங்கு, அப்புறம் கட்டு' என்று ஒரு பொத்தானை அழுத்தும்போது செலவு செய்த வலி தெரிவதில்லை. அதற்காகவே அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள்.

மாதம் 33 கட்ட முடியும் என்றுதானே யோசித்தீர்கள்? அதையே எடுத்து வையுங்கள். மூன்றே மாதத்தில் 99, தேர்வுக் கட்டணம் கிட்டத்தட்ட கையில். இன்னும் சில மாதத்தில் ஐ.எஸ்.ஏ. அமைப்பே வெளியிடும் படிப்பு வழிகாட்டி நூலையும் வாங்கிவிடலாம். அது 12 மாதத்தில் மூடாது. தேர்ச்சி பெற்ற பிறகும் செலவு உண்டு என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்: சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க 30 தொடர்கல்விப் புள்ளிகளும் கட்டணமும் வேண்டும், இல்லையேல் மறுபடி தேர்வு.

சரி, மாமா. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் லாபம் அவருக்கு, தவணை உங்களுக்கு. சான்றிதழ் தனி நபரின் பெயரில்தான் வரும், நிறுவனத்தின் பெயரில் அல்ல. நீங்கள் வேறு வேலைக்குப் போனால் அதுவும் உங்களோடு போகும். இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே "வேண்டாம் மாமா" என்று தொடங்காமல், "மாமா, தகுதி வர இன்னும் மூன்று வருஷம் ஆகும். விடுமுறையில் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தேர்வுக் கட்டணத்தை நீங்கள் போடுங்கள்" என்று கேளுங்கள். தன் டெண்டருக்கு அது தேவை என்று அவர் உண்மையிலேயே நினைத்தால் யோசிப்பார். கோபித்துக்கொண்டாலும் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

அந்த மணிக்கணக்கு வெறும் சம்பிரதாயம் அல்ல. விண்ணப்பத்தோடு அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பத்து வார விடுமுறை, வாரம் 40 மணி என்றால் 400. இரண்டு விடுமுறைக்கு 800. முழுநேர ஓராண்டை 2,000 மணி என்று தோராயமாக வைத்தால் ஐந்தில் இரண்டு பங்கு. பகுதிநேர வேலையை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று அமைப்புக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் பட்டம் வாங்கிய பிறகு நீங்கள் காத்திருக்கும் காலம் ஓராண்டிலிருந்து ஏழெட்டு மாதமாகக் குறையலாம். தேதி, மரம், செய்த வேலை, நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து என்று ஒரு நோட்டு போதும்.

பழைய தவணைகளில் முதலில் ட்ரோன் படிப்பை எடுங்கள். இன்னும் எத்தனை மாதம் பாக்கி, முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு வட்டி தள்ளுபடி, அபராதம் ஏதும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தள்ளுபடி இல்லை என்றால் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். எப்படியும் கட்டப்போகிற பணம்தான், படிப்பையாவது முடித்துவிடுங்கள்.