ஆற்று வடிநிலம் முழுவதற்கும் மழைநீர்த் திட்டம்: கேள்வி பதில்

ஆற்று வடிநிலங்களில் மழைநீர் மேலாண்மைத் திட்டம் வகுக்கும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருக்கும் பொறியாளர் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் அளித்திருக்கிறேன். வடிநிலம் என்று நான் குறிப்பிடுவது, பெய்யும் மழை எந்த நிலப்பரப்பிலிருந்தெல்லாம் வழிந்து ஒரே ஆற்றில் வந்து சேர்கிறதோ, அந்த நிலப்பரப்பு முழுவதையும்.

எங்கள் ஊர் எல்லைக்குள் நல்ல வடிகால் கட்டிவிட்டால் போதாதா? ஆறு முழுவதையும் ஏன் இழுக்க வேண்டும்?

போதாது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழுகிற நீர் 5 லட்சம் லிட்டர். மரமும் புல்லும் அடர்ந்து மண் நீரை நன்றாக உறிஞ்சும் இடமாக இருந்தால் அதில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வழிந்தோடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தைக் கூரையும் தார்ச்சாலையும் மூடிய பிறகு நாலரை லட்சம் லிட்டர் வரை வழிந்தோடும், முன்னைவிட மிக விரைவாகவும் வந்து சேரும். உங்களுக்கு மேலே உள்ள ஊர்களில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் இன்றைய அளவுக்குக் கட்டும் வடிகால் சில ஆண்டுகளிலேயே சிறியதாகிவிடும். அதேபோல, நீங்கள் அகலமாகவும் வழவழப்பாகவும் கட்டும் கால்வாய் உங்கள் தெருவைக் காப்பாற்றினாலும், உங்களுக்குக் கீழே உள்ளவர்களின் வீட்டுக்குள் நீரை அனுப்புகிறது.

நாங்கள் மேட்டில் குடியிருக்கிறோம். எங்களுக்கு வெள்ளமே வருவதில்லை. தாழ்வான பகுதிக்காக நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?

நியாயமான கேள்விதான். தாழ்வான பகுதிக்குப் போய்ச் சேரும் நீரின் ஒரு பங்கு உங்கள் கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் கிளம்புகிறது என்பது ஒரு பதில். வேகமாக இறங்கும் நீர் உங்கள் பக்கத்து ஓடைக் கரைகளையும் அரிக்கும், நிலத்தடிக்குப் போக வேண்டிய பங்கையும் குறைக்கும் என்பது மற்றொன்று. செலவைப் பங்கிடுவதற்கு, மூடப்பட்ட பரப்பின் அளவைக் கொண்டு கட்டணம் விதிக்கும் முறை ஜெர்மனியின் பல நகரங்களில் நடைமுறையில் இருக்கிறது. முற்றத்துச் சிமெண்ட்டைப் பெயர்த்து மண்ணாக்கினால் கட்டணம் குறைகிறது என்பதால், அந்த முறையை நான் பெரிதும் விரும்புகிறேன்.

புதிய குடியிருப்பு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தேக்கக் குளம் வெட்ட வேண்டும் என்று விதி செய்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

தீரும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையால் நேரும் கேட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் எழும் வெள்ளம் உங்கள் பாலத்தை அடைய 4 மணி நேரம் ஆகிறது என்றும், பாலத்தை ஒட்டியுள்ள குடியிருப்பின் நீர் 1 மணி நேரத்திலேயே ஆற்றில் இறங்கிப் போய்விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மேல்வெள்ளம் வருவதற்குள் உள்ளூர் நீர் கடந்துவிடுவதால், இரண்டின் உச்சமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இப்போது விதிப்படி அந்தக் குடியிருப்பில் ஒரு குளம் வெட்டி, நீரை 3 மணி நேரம் பிடித்து வைத்து மெல்ல விடுகிறோம். குடியிருப்பிலிருந்து வெளியேறும் ஓட்டத்தின் உச்சம் குறைந்துவிட்டது, விதியும் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த நீர் வெளியேறும் நேரம் மேல்வெள்ளம் வந்து சேரும் நேரத்தோடு பொருந்திவிட்டதால், பாலத்தில் நீர்மட்டம் முன்னைவிட உயரக்கூடும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு குளமும் சரி, சேர்த்துப் பார்த்தால் தவறு. ஆகவே மேல்பகுதியில் பிடித்து வைப்பதும், கழிமுகத்தை ஒட்டிய பகுதியில் தேவைப்பட்டால் விரைந்து வடியவிடுவதும் என்று இடத்துக்கு ஏற்ப விதி மாற வேண்டும். எந்த இடத்தில் எது என்பதை முழு வடிநிலத்தின் கணக்கைப் போடாமல் எவராலும் சொல்ல முடியாது.

மக்கள் கூட்டம் நடத்தினால் குறைகளை மட்டுமே சொல்கிறார்கள். திட்டம் வகுப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்?

அந்தக் குறைகளில்தான் எங்கள் கருவிகள் பதிவு செய்யாத தகவல் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் மேசைமீது வரைபடத்தை விரித்து, ஆற்றங்கரையை ஒட்டி நீலம் தீட்டிய வெள்ளப் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்து, நீலத்துக்கு மிகத் தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்து, “தண்ணி ஆத்துலேர்ந்து வர்றதில்ல தம்பி, பள்ளிக்கூடத்துப் பின்னாலேர்ந்து வருது” என்றார். மறுநாள் போய்ப் பார்த்தபோது, சாலைக்கு அடியில் இருந்த சிறுபாலத்தின் வாயில் முக்கால் பங்கு வண்டலும் சருகும் அடைத்துக் கிடந்தன. பள்ளிச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கறை ஒரே கோடாக ஓடியது. வெள்ளம் எங்கே, எவ்வளவு பரவும் என்று கணக்கிடும் எங்கள் கணிப்பு மாதிரியில் அந்தச் சிறுபாலம் முழுமையாகத் திறந்திருப்பதாகவே கொடுத்திருந்தோம். அன்று முதல், முதல் கூட்டத்துக்கு நான் தீர்வு எதையும் எடுத்துச் செல்வதில்லை. வெற்று வரைபடத்தையும் பென்சிலையும் எடுத்துச் செல்கிறேன். நீர் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எப்போது வடிந்தது என்ற நான்கையும் அவர்களே குறிக்கட்டும்.

‘நூறாண்டு வெள்ளம்’ சில ஆண்டுகளுக்கு முன்புதான் வந்து போனது. இனி எங்கள் காலத்தில் வராது அல்லவா?

வரலாம். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். போன ஆண்டு வந்ததால் இந்த ஆண்டின் வாய்ப்பு குறைந்துவிடாது. ஒரு வீட்டில் 30 ஆண்டுகள் வாழ்பவர் அதை ஒரு முறையேனும் சந்திக்க ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இந்தப் பெயரையே கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் நிலம் களிமண். உறிஞ்சுகுழி அமைக்கலாமா?

முதலில் ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு நாள் கழித்தும் நீர் அப்படியே நின்றால் அங்கே உறிஞ்சுகுழி வேண்டாம். கூரைநீரைத் தொட்டியில் சேமிப்பதே பொருத்தம். நிலச்சரிவு நேரும் சரிவுகளிலும், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்களிலும், ஆலைக் கழிவால் மாசடைந்த மண்ணிலும் உறிஞ்சவிடக் கூடாது.

திட்டமிட்ட அளவையும் மிஞ்சி மழை கொட்டினால்?

ஒரு நாள் அப்படிக் கொட்டத்தான் செய்யும். அந்த நாளுக்கும் நீருக்கு வழி வைக்க வேண்டும். 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பெய்த பெருமழையில் குழாய்கள் தாங்காமல் தெருக்களும் நிலவறைகளும் மூழ்கின. அந்நகரம் 2012இல் வகுத்த திட்டத்தில் நிலத்தடிக் குழாய்களை மட்டும் நம்பவில்லை. சில தெருக்களை நீரோடும் வழியாகவும், பூங்காக்களைத் தேக்கிடமாகவும் மாற்றி அமைத்தது. அவற்றுள் ஒன்றான எங்ஹாவெ பூங்கா 20,000 கன மீட்டருக்கும் மேலான நீரைத் தாங்கும். எந்தத் தெருவில் நீர் ஓடலாம், எந்த மைதானம் சில நாள் நனையலாம் என்பதை அங்கு வாழ்பவர்களின் சம்மதத்தோடு முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இதில் கடினமான பகுதி.

கட்டி முடித்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு?

திட்ட அறிக்கையிலேயே பெயர் குறித்து எழுத வேண்டிய செய்தி இது. மதகைத் திறப்பது யார், மழைக்காலத்துக்கு முன் சிறுபாலத்தின் அடைப்பை எடுப்பது யார், அதற்கான பணம் ஆண்டுதோறும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத வேலைக்கு நான் ஒப்புதல் அளிப்பதில்லை. மேல், நடு, கீழ்ப் பகுதி ஊர்களிலிருந்து இருவர் இருவராகச் சேர்ந்து, மழைக்கு ஒரு மாதம் முன்பு ஆற்றின் நீளம் முழுவதும் நடந்து பார்ப்பது நல்ல ஏற்பாடு. கீழூர்க்காரர் மேலூரின் அடைப்பையும், மேலூர்க்காரர் கீழூரின் சுவர்க்கறையையும் அப்போதுதான் நேரில் காண்கிறார்கள்.