மாதம் ஒருமுறை ரீடிங்

அன்புள்ள ஐயா,

2025 மொத்தமும் ஏமாற்றம். டிவியில் மின்கட்டணம் பற்றிக் கத்துகிறார்கள். காற்றாலை பற்றி உருப்படியாகப் பேச ஆளில்லை. 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி தந்த மாதாந்திர மீட்டர் கணக்கெடுப்பாவது வந்திருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும். இந்த விவாதங்களைப் பார்ப்பதில் பயன் உண்டா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

காற்றாலை பற்றிய வருத்தம் நியாயமானது, இன்னொரு நாள் பேசுவோம். 'பாதிச் சுமை' என்றீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அது.

யார் சொன்னது உங்களுக்கு? இலவச 100 யூனிட் இரண்டு மாதத்துக்கானது. மாதக் கணக்கில் யூனிட் விலை ஏறும் படிகளையும் (ஸ்லாப்) பாதியாக்கினால் அது 50; சலுகை விலைக்கான 500 யூனிட் என்ற எல்லை 250. பேப்பரை எடுங்கள். 2022 செப்டம்பர் விகிதத்தையே வைத்துக்கொள்வோம் (பிறகு ஏறிவிட்டது). ஏப்ரலில் 150 யூனிட், மே மாதம் ஏசி ஓடி 350. இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். மாதக் கணக்கில் ஏப்ரலுக்கு 337.50, மே மாதத்துக்கு 1,825. மொத்தம் 2,162.50! வெயில் மாதத்தின் கனத்தை முந்தைய மாதம் தாங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிரித்துவிட்டீர்கள். படிகளைப் பாதியாக்கக் கூடாது என்றால் நீங்கள் கேட்பது கட்டணக் குறைப்பு. அதை அந்தப் பெயரிலேயே கேளுங்கள், ரீடிங் எடுப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான பாதி விலைச் சலுகை போய்விடும். அதே விகிதத்தில் 501-வது யூனிட்டின் விலை எட்டு ரூபாய் அல்ல, 233 ரூபாய். 510 யூனிட்டை 249, 261 என்று மாதமாகப் பிரித்தால் 110.50 ரூபாய் மிச்சம். ஆகவே சண்டை போட வேண்டிய இடம் 500-ஐத் தாண்டியதும் விழும் அந்தப் பள்ளம். அதைப் பற்றி ஒரு விவாதத்திலாவது யாராவது வாய் திறந்தார்களா?

பாவம், உங்களைத் திட்டி என்ன செய்ய. ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையில் கடைசியாக எழுதிய எண்ணைப் பாருங்கள். அந்த ரீடிங் எடுத்த 45-ஆம் நாள் மீட்டரில் கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று ஓரத்தில் காட்டும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். 375-க்கு மேல் போனால் 500-ஐத் தாண்டப்போகிறீர்கள் என்று அர்த்தம். மீதி 15 நாள் ஏசியைப் பார்த்துப் போடுங்கள். திரையில் தேதி, வோல்டேஜ், கேடபிள்யூ (kW, மின்சாரம் இழுக்கும் வேகம்; யூனிட் அல்ல) எல்லாம் மாறி மாறி ஓடும். அவசரத்தில் வெறும் கேடபிள்யூவைக் குறித்துக்கொண்டு மீட்டர் பழுது என்று ஈபி ஆபீசுக்கு ஓடாதீர்கள்.