டேட்டா வேர்ஹவுஸுக்கு (அலசிப் பார்ப்பதற்காகத் தரவையெல்லாம் சேர்த்துவைக்கும் கிடங்குக்கு) வன்பொருளும் மென்பொருளும் சேர்ந்த பெட்டி எதற்கு, நல்ல சர்வரில் டேட்டாபேஸ் போட்டால் போதாதா?

சின்ன அளவுக்குப் போதும். ஆனால் பல நூறு கோடி வரிசைகளை அலசும்போது பெரும்பாலும் திணறுவது பிராசஸர் இல்லை, டிஸ்க்கிலிருந்து அதுவரை தரவு வந்து சேரும் பாதைதான். சாதாரண அமைப்பில் பத்து வரிசைதான் தேவை என்றாலும், சரியான இண்டெக்ஸ் (எந்த வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல்) இல்லையென்றால் முழு டேபிளும் அந்தப் பாதை வழியாக வந்து, அப்புறம்தான் வடிகட்டப்படும்.

இதை, இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்த நெட்டீசா நிறுவனம் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே எஃப்பிஜிஏ சிப்பை (வேலைக்கேற்ப உள் சுற்றை மாற்றி அமைக்கக்கூடிய சிப்பை) வைத்து, வேண்டாத வரிசைகளையும் நெடுவரிசைகளையும் அங்கேயே கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் மேலே அனுப்பினார்கள். 2008-ல் வந்த ஆரக்கிள் எக்ஸாடேட்டாவும் இதே வேலையை ஸ்டோரேஜ் சர்வரில் ஓடும் மென்பொருளால் செய்கிறது, பெயர் ஸ்மார்ட் ஸ்கேன். டெராடேட்டா இவர்களுக்கெல்லாம் முன்னோடி, 1980-களிலேயே தரவைப் பல பிராசஸர்களுக்குப் பங்குபோட்டு இணையாக ஓட்டியது.

சரி, குறை? டிஸ்க் இடம் மட்டும் போதவில்லை என்றாலும் பல நேரம் பிராசஸரையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும், ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டும் போவீர்கள். அதனால் உங்கள் தாமதம் உண்மையில் டிஸ்க் வாசிப்பில்தானா என்று அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.