டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ஆல்ப் டுயே மலையேற்றத்தின் அடிவாரத்தில் 6 நிமிட முன்னிலை போதுமா?

போதும், ஒன்றரை நிமிடம் மிஞ்சும். ஏற்றம் 13.8 கி.மீ., சராசரிச் சரிவு 8.1%. கூட்டத்தை விட்டு முன்னே தப்பிச் சென்றவர் களைத்துப்போய் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஏறினால் 46 நிமிடம். துரத்துபவர் 20-இல் ஏறினால் 41½. இழப்பு நாலரைதான்.

போதாதோ என்று நீங்கள் ஐயப்பட்டது, சிங்கப்பூரின் மவுண்ட் ஃபேபர் குன்றேற்றத்தை மனத்தில் வைத்துக் கணித்ததால் போலிருக்கிறது. அங்கே உயரம் சுமார் 100 மீட்டர், வேகத்திலேயே தாண்டிவிடலாம். இங்கே 1,100. இவ்வளவு செங்குத்தில் கூட்டமாகத் துரத்தினாலும் காற்றுமறைவின் (முன்னே செல்பவருக்குப் பின்னால் ஒட்டிச் சென்று காற்றெதிர்ப்பைக் குறைப்பதன்) பலன் குறைவு. அது முந்தைய பள்ளத்தாக்குச் சமதரையில்தான் முழுதாகக் கிடைக்கும்.

ஆகவே இரவு நேரலையில் அந்தச் சமதரையைக் கவனியுங்கள். ஒரே அணியினர் நாலு பேர் முன்னே வரிசைகட்டி இழுத்து, அடிவாரத்துக்குள் இடைவெளி நாலரைக்குக் கீழே இறங்கினால் கணிப்பை மாற்றுங்கள்.

ஒன்று: தப்பிச் சென்றவர் மொத்த நேரத்தில் மஞ்சள் சட்டைக்கு (பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கு) அருகில் இருந்தால், துரத்துபவர்கள் 6 நிமிடம் விடவே மாட்டார்கள்.