நொதியின் படிகத்தைப் பார்த்து, சப்ஸ்ட்ரேட் எங்கே பிணைகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சப்ஸ்ட்ரேட், அதாவது நொதி பிடித்து மாற்றும் மூலக்கூறு, வந்து சேர்ந்ததுமே நொதி அதை மாற்றிவிடும், அப்புறம் படிகத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அசல் சப்ஸ்ட்ரேட்டைப் பார்ப்பதில்லை. அதைப் போலவே இருந்து, ஆனால் எளிதில் வெட்டுப்படாத ஒன்றைப் பார்க்கிறார்கள். மீதி எல்லாம் தர்க்கம். உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இந்தத் தர்க்கம்தான். லைசோசைமை வைத்துச் சொல்கிறேன்.

கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் ஏராளமாக இருக்கும் நொதி இது. 129 அமினோ அமிலங்கள். பாக்டீரியாவின் செல்சுவரில் நாக் (NAG, என்-அசிட்டைல்குளூக்கோசமைன்), நாம் (NAM, என்-அசிட்டைல்மியூராமிக் அமிலம்) என்ற இரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்திருக்கும். அந்தச் சங்கிலியில் நாமுக்கு அடுத்து நாக் வரும் பிணைப்பை இது வெட்டுகிறது. 1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழு 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் இதன் அமைப்பைக் கண்டது. முப்பரிமாண அமைப்பு தெரியவந்த முதல் நொதி இதுதான். மூலக்கூறின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஒன்று தெரிந்தது. ஆனால் பள்ளம் இருப்பதால் மட்டும் அதுதான் செயல்தளம், அதாவது வினை நடக்கும் இடம், என்று சொல்லிவிட முடியாது.

புரதப் படிகத்துக்குள் நீர் நிறைந்த கால்வாய்கள் உண்டு. சிறிய மூலக்கூறுகளை அவற்றின் வழியே ஊறவைத்து உள்ளே அனுப்பலாம். லூயிஸ் ஜான்சனும் பிலிப்ஸும் மூன்று நாக் சேர்ந்த ஒரு துண்டை அனுப்பினார்கள். லைசோசைம் இதை மிக மிக மெதுவாகத்தான் வெட்டும். ஊறவைத்த படிகத்தின் எக்ஸ்ரே தரவிலிருந்து வெறும் படிகத்தின் தரவைக் கழித்தால், புதிதாக வந்து உட்கார்ந்த பொருளின் எலெக்ட்ரான் அடர்த்தி மட்டும் மிஞ்சும். மூன்று சர்க்கரை வளையங்களும் பள்ளத்தின் மேல்பாதியில் தெரிந்தன. டிரிப்டோபன் 62, 63, ஆஸ்பார்ட்டிக் அமிலம் 101 ஆகிய அமினோ அமிலங்களோடு (எண் என்பது புரதச் சங்கிலியில் அதன் வரிசை) ஹைட்ரஜன் பிணைப்புகள். டிரிப்டோபன் 62 தன் இடத்திலிருந்து சற்று நகர்ந்தும் இருந்தது.

கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். பள்ளத்தின் கீழே இன்னும் மூன்று வளையங்களுக்கு இடம் இருந்தது. அவற்றை மாதிரியாகக் கட்டி வைத்தார்கள். மேலிருந்து கீழாக ஏ முதல் எஃப் வரை ஆறு இடங்கள். இதில் வெட்டு எங்கே விழும்? மூன்று நாக் துண்டு ஏ, பி, சியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அங்கே இல்லை. நாமின் கூடுதல் பக்கக் கிளை சியில் பொருந்தாது. எனவே நாம் வரக்கூடிய இடங்கள் பி, டி, எஃப். நாமுக்கு அடுத்த பிணைப்புதானே வெட்டுப்படுகிறது, பிக்கும் சிக்கும் நடுவே இல்லை என்றால் டிக்கும் ஈக்கும் நடுவேதான். சரியாக அந்த இடத்தின் இருபுறமும் குளூட்டாமிக் அமிலம் 35, ஆஸ்பார்ட்டிக் அமிலம் 52. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது!

டியில் வளையம் வளைந்து நெளிந்தால்தான் உள்ளே அடங்கும் என்பதும் மாதிரியிலிருந்து வந்த கணிப்பே. 1991இல் டியில் உட்கார்ந்த நாமை 1.5 ஆங்ஸ்ட்ராமில் பார்த்தபோது, வளையம் உண்மையிலேயே நெளிந்திருந்தது. ஆனால் வினையின் நடுவே நேர்மின் கொண்ட சர்க்கரை அயனி தனியே நிற்கும் என்ற பிலிப்ஸின் கருத்து அப்படி நிலைக்கவில்லை. 2001இல் ஃபுளூரின் ஏற்றிய சர்க்கரையைக் கொண்டு வினையைப் பாதியில் நிறுத்தினார்கள். குளூட்டாமிக் 35ஐ மாற்றிய நொதியின் படிகத்தில், சர்க்கரை ஆஸ்பார்ட்டிக் 52ஓடு நேரடியாகச் சகப்பிணைப்பில் (எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பில்) இணைந்திருந்தது தெரிந்தது.

அதனால் புரத அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கியில் (PDB) ஒரு அமைப்பைத் திறந்தால், செயல்தளத்தில் அழகாக வரைந்திருக்கும் மூலக்கூறை அப்படியே நம்பாதீர்கள். அதைச் சுற்றி எலெக்ட்ரான் அடர்த்தி உண்மையில் இருக்கிறதா, பிணைந்திருப்பது சப்ஸ்ட்ரேட்டா, தடுப்பானா, விளைபொருளா, நொதியில் ஏதாவது அமினோ அமிலத்தை மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.