கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் தாய்லாந்தில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. வாடகை, மின்கட்டணம் எல்லாம் இங்கேதான் கட்டுகிறோம். ஆனாலும் பூங்கா, அருங்காட்சியகம் என்று எங்கே போனாலும் வெளிநாட்டவர் கட்டணம்தான். ஓய்வு விசாவைக் காட்டினாலும் மறுக்கிறார்கள். உள்ளூர் விலைக்கு வழி உண்டா?

பதில்: பல இடங்களில் உண்டு. ஆனால் விசா அதற்கு உதவாது. அது வருடா வருடம் புதுப்பிக்கிற தங்கும் அனுமதி, அவ்வளவுதான். டிக்கெட் கிழிக்கிறவர் கண்ணுக்கு, பாஸ்போர்ட்டை நீட்டுகிற எல்லாரும் சுற்றுலாப் பயணிதான். எந்தப் பக்கத்தில் எந்த முத்திரை என்று புரட்டிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. அவர் தினமும் பார்த்துப் பழகிய அட்டை, அவருடைய மொழியில் இருந்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

அப்படி இரண்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்று தாய்லாந்து ஓட்டுநர் உரிமம். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்றால் ஏற்கெனவே உங்கள் பர்ஸில் இருக்கும். இன்னொன்று, தாய்லாந்துக் குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தருகிற இளஞ்சிவப்பு அடையாள அட்டை. அதற்கு முன்னால், 'தபியன் பான்' என்கிற வீட்டுப் பதிவேட்டில், வெளிநாட்டவருக்கான மஞ்சள் புத்தகத்தில், உங்கள் பெயர் ஏற வேண்டும். இரண்டு வேலையும் உங்கள் பகுதி மாவட்ட அலுவலகத்தில்தான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது; முதலில் அவரிடம் பேசிவிடுங்கள். கேட்கிற காகிதங்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அதனால் முதல் தடவை வெறுங்கையோடு போய்ப் பட்டியலை மட்டும் வாங்கி வாருங்கள். பாஸ்போர்ட்டின் தாய்லாந்து மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே செலவு செய்துவிட்டு, அந்த வடிவத்தில் செல்லாது என்று கேட்டுத் திரும்புவதைவிட இது நல்லது.

அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி. பல இடங்களில் வெளிநாட்டவர் விலை நமக்குப் பழகிய எண்களிலும், உள்ளூர் விலை தாய்லாந்து எழுத்திலும் எண்களிலும் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாது. பத்து எண்களைக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். பலகையைப் படித்துவிட்டு, எதுவும் பேசுவதற்கு முன் அட்டையைக் கவுண்டரில் வையுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். உங்கள் அட்டை உங்கள் மனைவிக்குச் செல்லாது.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த அட்டை சலுகைக்கான சட்ட உரிமை இல்லை. தனியார் கேளிக்கை இடங்கள் பல ஏற்கும். தேசியப் பூங்காவில் அன்றைக்கு வாசலில் இருக்கிற அலுவலரைப் பொறுத்தது. மறுத்தால் வாதாட வேண்டாம். என்னை உண்மையில் கவலைப்படுத்துவது மருத்துவமனைதான். அரசு மருத்துவமனைக் கட்டணத்தை 2019இல் நான்கு அடுக்காகப் பிரித்தபோது, ஓய்வு விசாக்காரர்களைச் சுற்றுலாப் பயணிகளோடு மேல் அடுக்கில்தான் வைத்தார்கள். பூங்காவில் மிச்சமாகும் சில நூறு பாட் என்கிற தாய்லாந்துப் பணத்தைவிட உங்கள் மருத்துவக் காப்பீடுதான் முக்கியம். அதைப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுக்காலத்தில் வெளிநாட்டில் குடியேற யோசிக்கிறோம். குடியேறுகிற முதியவர்களுக்கு உள்ளூர்க்காரர்களைப் போலவே சலுகை தருகிற நாடு எது?

பதில்: சலுகையை எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். குடியுரிமையா, அங்கே குடியிருப்பதா, வெறும் வயதா? பிலிப்பைன்ஸில் 60 வயதானவர்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி சட்டமே இருக்கிறது. ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். அங்கே எத்தனை வருடம் வாழ்ந்தாலும் வெளிநாட்டவருக்கு இல்லை. போர்ச்சுகல் அரசு ரயிலில் நேர்மாறு. 65 வயது நிரம்பியவர் என்று காட்டினால் பாதிக் கட்டணம். நேற்று வந்திறங்கியவருக்கும் உண்டு.

குடியிருப்பை வைத்துத் தருவதில் பனாமாதான் தாராளம். 1987ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டம், பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 60 வயதிலிருந்து பலன் தருகிறது. சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவரும் இதில் அடக்கம். விமான டிக்கெட்டில் 25 சதவீதம், உணவகத்தில் 25, சினிமாவில் 50, ஹோட்டல் அறையில் திங்கள் முதல் வியாழன் வரை 50 என்று பட்டியல் நீளம். மாதம் 1,000 டாலர் ஆயுள் ஓய்வூதியம் வருகிறவர்கள் 'பென்சியோனாடோ' விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பில் போட்ட பிறகு கேட்டால் திருத்துவது சிரமம். ஆர்டர் கொடுக்கும்போதே 'ஹுபிலாதோ', அதாவது ஓய்வு பெற்றவர், என்று சொல்லி அட்டையைக் காட்டிவிடுங்கள்.

ஈக்வடாரில் 65 வயதுக்கு மேல் பேருந்திலும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் பாதிக் கட்டணம். மெக்சிகோவில் 60 வயதான நிரந்தரக் குடியிருப்பாளர்கள் 'இனாபாம்' என்கிற முதியோர் சலுகை அட்டை வாங்கலாம்.

கேள்வி: ஸ்பெயினின் கேனரி தீவுகளில் மகள் வீட்டில் இருக்கிறேன். விமான டிக்கெட் பதிவு செய்யும்போது 'தீவுவாசி' என்ற கட்டத்தை டிக் செய்தால் விலை பெருமளவு குறைகிறது. மகள் முகவரியைக் கொடுத்து நானும் டிக் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அது அரசு பணம் கொடுக்கிற 75 சதவீத மானியம். விமான நிறுவனம் உங்கள் பெயரை அரசுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உரிமை இல்லாமல் எடுத்தது தெரிந்தால் டிக்கெட்டோடு போகாது, அபராதமும் வரலாம்.

ஆனால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மகள் ஸ்பெயின் அல்லது வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகளா? நீங்கள் அவரைச் சார்ந்து வாழும் தாய் என்ற முறையில் குடும்ப உறுப்பினர் குடியிருப்பு அட்டை வாங்கியிருந்தால், நகராட்சிப் பதிவேட்டிலும் பெயர் இருந்தால், இந்தச் சலுகை உங்களுக்கும் சேரும். இல்லையென்றால் ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்து நீண்டகாலக் குடியிருப்பு பெற்ற பிறகு கேட்கலாம். எந்த வழியானாலும் நகராட்சியில் பதியும்போது, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் டிக்கெட் பதிவில் பெயர் பொருந்தாமல் போய்விடும்.