குலாங்யூ தீவுக்குப் படகு: லுண்டு துறையில் ஏற்றாவிட்டால்

சீனாவின் ஷியாமென் நகரிலிருந்து எதிரே உள்ள குலாங்யூ தீவுக்குப் போக, நகரின் லுண்டு படகுத்துறையில் பகலில் உங்களை ஏற்ற மாட்டார்கள். டாக்சி பிடித்துச் சில கிலோமீட்டர் வடக்கே, தோங்து பகுதியில் இருக்கும் சர்வதேசக் கப்பல் முனையத்துக்குப் போங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான பகல் படகு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தீவு எதிரிலேயே தெரியும்போது ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட்டில் கோளாறு இருக்காது. 2014 முதல் பகல் நேரத்தில் லுண்டு துறை ஷியாமென் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். வரைபடச் செயலி கிட்டத்துத் துறையைக் காட்டிவிடுவதால் பலரும் அங்கே போய் நிற்கிறார்கள். மாலை 6 மணி வாக்கில் பகல் சேவை முடிந்ததும் வெளியூர்க்காரர்களும் லுண்டுவிலிருந்தே போகலாம்.

சீட்டு ஏற்கெனவே வாங்கியிருந்தால் மூன்றைப் பாருங்கள்: புறப்படும் துறை, நேரம், பாஸ்போர்ட் எண். எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நுழைவாயிலில் சிக்கல்தான். தீவில் எந்தத் துறையில் இறங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். சான்சியூதியான் துறை என்றால் பழைய தூதரகக் கட்டடங்களும் கடைத்தெருவும் பக்கம். நெய்ட்சுவோ ஆவ் துறை, தீவின் மறுபுறம். அங்கிருந்து நிறைய நடக்க வேண்டும். தீவில் கார், சைக்கிள் எதுவும் கிடையாது, மேடும் பள்ளமுமான கல் பாதைகள். பெரியவர்கள் கூட வந்தால் சான்சியூதியானையே எடுங்கள்.

ஒன்று மட்டும்: ஷியாமென் இருக்கும் ஃபூஜியான் மாகாணக் கடற்கரையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரத்துச் சீனத் தேசிய தின விடுமுறையில் சீட்டு சீக்கிரமே தீர்ந்துவிடும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.